குழந்தை பார்க்கும் வேலைக்குச் சங்கம் தேவையா? எல்லையோரப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் பொள்ளாச்சி, ஆனைமலை, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கமிருந்து பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் குழந்தை பார்க்கும் வேலைக்குப் போகிற பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வீட்டுப் பணியாளர்களின் தொழிற்சங்கத்தில் இருப்பவள். சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சங்கத்தால் எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துகொண்டு சேருவதுதான் நல்லது.

நான் குழந்தை மட்டும்தான் பார்க்கிறேன். பாத்திரம்கூடத் தேய்ப்பதில்லை. எனக்கும் சங்கமா அக்கா?

உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். மில்லில் வேலை பார்ப்பவளுக்குப் பக்கத்து மெஷினில் இன்னொருத்தி இருக்கிறாள். யாருக்குச் சம்பளம் ஏறியது, யாரை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் டீ குடிக்கிற நேரத்தில் காதுக்கு வந்துவிடும். குழந்தை பார்ப்பவர் தனி ஆள். காலையில் கதவு சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கிறது. மாடி வீட்டில் இதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்றுகூடத் தெரியாது. பிரச்சினை வந்தால் பேச்சு நடப்பது சம்பளம் கொடுக்கிறவர்களுக்கும் உங்களுக்கும் நடுவில் மட்டும். அங்கே உங்கள் பக்கம் பேச ஆள் கிடையாது. அந்த ஓர் ஆள்தான் சங்கம்.

சட்டப்படி நீங்களும் வீட்டுப் பணியாளர்தான். சமையல், துணி, பெரியவர்களைப் பார்ப்பது, குழந்தை பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கையும் வீட்டுக்குள் நடக்கிற எல்லா வேலையையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்குச் சங்கம் சேரும் உரிமை உண்டு என்று அது பளிச்சென்று சொல்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால் இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அதனால் ஜூன் 16 வந்தால் வீட்டுப் பணியாளர்கள் நாள் கொண்டாடுகிறோம், அதே கோரிக்கையையும் ஒவ்வொரு வருஷமும் வைக்கிறோம்.

சேர்ந்தால் சம்பளம் கூடுமா?

சங்கக் கார்டு வாங்கிய மறுமாதமே சம்பளம் கூடிவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூடுகிற விதம் வேறு. ஒரே ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற இருபது பேர் உட்கார்ந்து, 8 மணி நேரத்துக்கு இவ்வளவு, இரட்டைக் குழந்தை என்றால் இவ்வளவு, ராத்திரி தங்கினால் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொண்டால், அதற்குக் கீழே யாரும் போக மாட்டார்கள். ஒருத்தி கேட்டால் பேராசை என்பார்கள், இருபது பேரும் அதையே சொன்னால் ஊர் ரேட் என்பார்கள். சங்கம் இல்லாத இடத்தில் இந்தப் பேச்சு தொடங்குவதே இல்லை.

குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் வீட்டு வேலை இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. தமிழ்நாடு 2018இல் மணிக் கணக்கில் கூலி அறிவித்தது. அரசு அறிவிக்கிற தொகை பெரும்பாலும் நகரத்தில் நடப்பில் இருக்கும் ரேட்டைவிடக் குறைவுதான். ஆனாலும் கொடுக்க வேண்டியதில் பாதியோடு நிறுத்துகிற வீட்டில், அதற்குக் கீழே போகக் கூடாது என்று காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கிறது.

இன்னொன்று. குழந்தை தூங்குகிற நேரம் உங்கள் ஓய்வு நேரம் இல்லை. வீட்டை விட்டு நகர முடியாது, காது தொட்டில் பக்கமே இருக்க வேண்டும். அதுவும் வேலை நேரம்தான். சம்பளம் பேசும்போது இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சங்கம், நல வாரியம், அசோசியேஷன் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் 'நான் ஏற்கெனவே கார்டு எடுத்துவிட்டேனே' என்கிறார்கள்.

நல வாரியம் அரசாங்கத்துடையது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007இல் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனி வாரியம் வந்தது. பிள்ளைகள் படிப்புக்கு உதவி, கல்யாண உதவி, பிரசவ உதவி, கண்ணாடி, விபத்து, மரணம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாக வரும். ஆனால் சம்பளம் தராத வீட்டுக்கு வாரியம் உங்களோடு வந்து நிற்காது. இ-ஷ்ரம் கார்டும் அப்படித்தான். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய பதிவு அது. 12 இலக்க எண் கிடைக்கும், எந்த மாநிலத்தில் வேலை செய்தாலும் செல்லும், காசு கிடையாது. கட்டாயம் எடுத்து வையுங்கள். ஆனால் அது ஒரு பதிவு மட்டும்தான்.

அசோசியேஷன் என்பது தொழில் திறமையைச் சுற்றி அமைவது. வெளிநாட்டில் இது பழக்கமான சங்கதி. 1985இல் தொடங்கிய இன்டர்நேஷனல் நேனி அசோசியேஷன், குழந்தை பார்ப்பவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்று கொடுக்கிறது. அதில் ஏஜென்சிக்காரர்களும் உறுப்பினர். அங்கேயே கவனிக்க வேண்டும்: வேலை கொடுக்கிற பக்கமும் வேலை செய்கிற பக்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தால், சம்பளத் தகராறில் அது உங்களுக்காகச் சண்டை போடும் என்று எதிர்பார்க்க முடியாது. சான்றிதழுக்கு மதிப்பு உண்டுதான். நம் ஊரிலும் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி முடித்துச் சான்று வாங்கியவர்கள் பெரிய வீடுகளில் நல்ல ரேட் கேட்கிறார்கள். குழந்தைக்கு மூச்சுக்குழாயில் பண்டம் சிக்கினால் என்ன செய்வது, காய்ச்சலில் வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று கற்றுக்கொள்வது சம்பளத்துக்காக மட்டும் இல்லை, ஓர் உயிருக்காகவும்தான்.

சங்கம் உங்களுடையது. சந்தா உங்களுடையது, தலைமையும் உங்களில் ஒருத்தியாக இருக்க முடியும். என் கணக்கில் முதலில் சங்கம், கூடவே இ-ஷ்ரம், வசதி கிடைக்கும்போது பயிற்சி.

வீடு பொள்ளாச்சிப் பக்கம், வேலை பாலக்காட்டில். எங்கே சேருவது?

எல்லையோரத்தில் இதுதான் பெரிய கேள்வி. பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், வம்பு எந்த மாவட்டத்தில் வருமோ அந்த மாவட்டத்தில் சேருங்கள். சம்பளப் புகார், போலீஸ், பெண்களுக்கான புகார்க் குழு எல்லாம் வேலை செய்கிற வீடு இருக்கும் இடத்தை வைத்துத்தான் நகரும். வேலை பாலக்காட்டில் என்றால், பொள்ளாச்சியில் இருக்கிற சங்கத்துக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பாலக்காடு லேபர் ஆபீசில் அவருக்கு ஆள் தெரியாது, மலையாளத்தில் வாதாட முடியாது.

கேரளாவில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா 1983இலிருந்து திருவனந்தபுரத்தை மையமாக வைத்து வேலை செய்கிறது. வீட்டுப் பணியாளர்களைத் திரட்டுவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. போன்ற பெரிய சங்கங்களின் மாவட்ட அலுவலகத்தில் போய், வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிக் கிளை இருக்கிறதா, தமிழ் பேசுகிற பெண் நிர்வாகி இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை என்றால், 1985இல் தொடங்கிய தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கம் தமிழ்நாட்டில் வேலை செய்கிறது.

நல வாரியம் வேறு கணக்கு. தமிழ்நாட்டு வாரியத்துக்கு வேலைச் சான்று வேண்டும். அதில் பாலக்காட்டு வீட்டு முகவரி இருந்தால் அங்கேயே கேள்வி வரும். அதற்காகப் பொள்ளாச்சியில் யாரோ ஒருவர் வீட்டில் வேலை செய்வதாகப் பொய்ச் சான்று வாங்காதீர்கள். பிறகு ஓய்வூதியம் கேட்கப் போகும்போது அதுவே காலைச் சுற்றும். கேரளாவில் தங்கி வேலை செய்பவர்களுக்கு அங்கேயே வெளிமாநிலத் தொழிலாளர் நலத் திட்டம் 2010இலிருந்து இருக்கிறது. அதே தொழிலாளர்களுக்கான ஆவாஸ் காப்பீடு 2017இல் வந்தது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் அதில் உண்டு. சங்கத்தில் ஆள் இருந்தால் இந்தப் பதிவையெல்லாம் அக்ஷயா மையத்தில் (கேரளாவின் இ-சேவை மையம்) கூடவே நின்று செய்துகொடுப்பார்கள்.

பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு ஒரு சேதி. கேரளாவின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் இருக்கிற பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். 'மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா' என்று திருப்பி அனுப்பினால், இதைச் சொல்லுங்கள்.

வீட்டில் 'நீ எங்க பொண்ணு மாதிரி' என்கிறார்கள். சங்கம் என்றால் மனசு கசந்துவிடாதா?

அந்தப் பாசத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். பிறந்த பத்தாம் நாளிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, முதல் பல்லும் முதல் நடையும் உங்கள் கையில் பார்த்த குழந்தை. உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் என்றால் அது அங்கே அழுகிறது. இந்த வேலையின் அருமையும் அதுதான், கஷ்டமும் அதுதான். சம்பளம் கேட்க வாய் திறக்கும்போது அந்தக் குழந்தை இடுப்பில் இருக்கிறது.

ஆனால் பாருங்கள், அப்படிச் சொல்கிற வீட்டில்தான் வேலை மெல்ல மெல்லக் கூடுகிறது. முதல் மாதம் குழந்தை மட்டும். அப்புறம் குழந்தையின் துணி. அப்புறம் எல்லார் துணியும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார்கள். வெளியே இருந்து ஒருவர் பார்த்துச் சொன்னால்தான் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறோம் என்று தெரிகிறது. வேலைக்குச் சேரும் அன்றே ஒரு தாளில் நேரம், சம்பளம், எந்தெந்த வேலை, வார விடுமுறை, ஓணம் பொங்கலுக்கு என்ன, நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சங்கங்களில் இதற்கு மாதிரித் தாள் வைத்திருப்பார்கள். நல்ல வீட்டுக்காரர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. அவர்களுக்கும் நாளைக்கு நீங்கள் சொல்லாமல் நின்றுவிட மாட்டீர்கள் என்ற நிம்மதி கிடைக்கிறது.

குழந்தைக்கு அடிபட்டாலோ நகை காணாமல் போனாலோ என் மேல்தானே பழி விழும்?

விழும். சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதலில் உங்கள் கையில் இருப்பது ஒரு நோட்டு. 40 பக்க நோட்டு போதும். எங்கள் பக்கம் ஒரு பெண் எழுதுகிற மாதிரி இருந்தால் நல்லது: 'காலை 8.10 வந்தேன். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது, அம்மாவிடம் சொன்னேன். 10.30 ராகிக் கூழ் அரைக் கிண்ணம். 12 முதல் 1.40 வரை தூக்கம். 3.15 பால்கனிக் கதவில் நெற்றி இடித்துச் சிராய்ப்பு, உடனே போட்டோ அனுப்பினேன்.' அந்தப் போட்டோவும் நேரமும் வாட்ஸ்அப்பில் நிற்கும். சாயங்காலம் அம்மா வந்து பார்த்து அதிர்ச்சி அடைவதற்கும், மூணே காலுக்கே தெரிந்துகொள்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாய்ஸ் மெசேஜ் போடலாம்.

திருட்டுப் பழி வந்தால் தனியாகப் பேசாதீர்கள். பயந்துபோய், 'எடுக்கவில்லை, ஆனால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வெறும் தாளிலோ புரியாத மொழியில் எழுதிய தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்துக்குப் போன் செய்யுங்கள். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன்னால் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் அனுமதி வாங்க வேண்டும். இது சட்டம். ஸ்டேஷனில் தனியாக நிற்கும் பெண் இதைச் சொன்னால் காதில் விழாது. நான்கு பேர் சேர்ந்து போய்ச் சொன்னால் விழும். வக்கீலுக்குக் காசில்லையே என்று கலங்கவும் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வீட்டு ஆண்களால் தொல்லை வந்தால்?

2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுப் பணியாளரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நீங்கள் வேலை செய்கிற வீடு உங்கள் பணியிடம். கம்பெனியில் இருப்பது போல வீட்டில் குழு இருக்க முடியாது என்பதால், மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு உண்டு. நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குழு 7 நாளில் போலீசுக்கு அனுப்ப வேண்டும். நேராகப் போலீசுக்கும் போகலாம், 181 என்ற எண்ணில் பேசலாம்.

இந்தச் சட்டம் இருப்பதே பாதிப் பெண்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும், 'உன் பெயர்தான் கெடும்' என்று சொந்த வீட்டிலேயே வாயை அடைப்பார்கள். அந்த நேரத்தில் கூட வர ஒருத்தி வேண்டும். முதல் நாளே வேலையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், மிச்சச் சம்பளத்தைப் பிறகு சங்கம் வழியாகக் கேட்டுக்கொள்ளலாம். சம்பளத்துக்காக இன்னொரு நாள் அந்த வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஏஜென்சி மூலம் போனவர்கள் சேரலாமா?

தாராளமாக. ஏஜென்சி உங்களுக்கு முதலாளியும் இல்லை, சங்கமும் இல்லை. கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது, வீடு மாறினால் மறுபடி உண்டா என்று எழுதி வாங்குங்கள். ஆதாரின் நகல் மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

சங்கம் என்றாலே கட்சிதானே? மூணாறில் தொழிற்சங்கத்தை எதிர்த்துத்தானே பெண்கள் எழுந்தார்கள்?

நல்ல கேள்வி. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்தில் போனஸ் குறைந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். பழைய சங்கத் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. தாங்களே பேசி 20 சதவீதம் என்ற தங்கள் கோரிக்கையை வென்றார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து சங்கமே வேண்டாம் என்று முடிவு கட்டுவது சரியில்லை. அந்தப் பெண்கள் ஒதுக்கியது தங்களைக் கேட்காமல் பேசிய தலைமையை. ஒன்று சேர்வதை அவர்கள் விடவில்லை, அதைக் கொண்டுதான் ஜெயித்தார்கள். ஆகவே சேரும் முன் விசாரியுங்கள்: நிர்வாகத்தில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் எத்தனை பேர்? கூட்டம் எப்போது நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமையிலா? வரவு செலவு வாசிக்கிறார்களா? கட்சி ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க மட்டும் போன் வருகிறது என்றால் வேறு சங்கம் பாருங்கள்.

சங்கம் சேர்ந்து யாருக்கு என்ன கிடைத்தது?

நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கன்வாடி ஊழியர்கள். அவர்களும் குழந்தை பார்ப்பவர்கள்தான். 1975இல் திட்டம் தொடங்கியதிலிருந்து 'தொண்டர்' என்று சொல்லிச் சொற்பத் தொகையில் வைத்திருந்தார்கள். சங்கம் வைத்து வருஷக்கணக்காகப் போராடியதில் தொகை ஏறியது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

நியூயார்க்கில் குழந்தை பார்க்கும் பெண்கள் பூங்காவில் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசித் திரண்டவர்கள். 2010இல் அந்த மாநிலத்தில் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் வந்தது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு வருஷம் வேலை செய்தால் சம்பளத்தோடு 3 நாள் விடுப்பு.

நம் நாட்டில் வீட்டுப் பணியாளருக்கென்று தனிச் சட்டம் இல்லாத குறை பெரிது. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு (2020) வீட்டு வேலையைத் தொழில் என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதனால் ஆலைத் தொழிலாளி மாதிரித் தொழில் தகராறு வழக்குப் போடும் வழி நமக்கு அடைபட்டிருக்கிறது. சங்கம் பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் கொண்டுவருவது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தச் சட்டம் வரும்போது அதில் குழந்தை பார்ப்பவரின் ராத்திரி வேலையும் தூங்கும் நேரமும் இடம்பெற வேண்டுமானால், அதைக் கேட்க நாம் எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும்.

சங்கத்தில் இருப்பது தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிட மாட்டார்களா?

சில வீடுகளில் நிறுத்துவார்கள். மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டு வேலையில் ஒரே நாளில் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்வதைத் தடுக்க இன்றைக்குப் பலமான சட்டம் இல்லை. சேர்ந்ததைப் போய் அறிவிக்க வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை. கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். ஆனால் நிறுத்தப்பட்டவளுக்கு அடுத்த வீடு பார்த்துத் தருவதும் சங்கத்துப் பெண்கள்தான். ஒரு நல்ல வீடு காலியாகிறது என்றால் அந்தச் சேதி முதலில் அவர்கள் வாயில்தான் வரும்.

சந்தா எவ்வளவு? என்ன கொண்டுபோக வேண்டும்?

சங்கத்துக்குச் சங்கம் மாறும், பெரிய தொகை எங்கும் இல்லை. ஆதார் நகல், இரண்டு போட்டோ, வங்கிப் புத்தக நகல் கொண்டுபோங்கள். ரசீது வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊரில் சங்கமே இல்லை. குழந்தை பார்க்கப் போகிறவர்கள் எட்டுப் பேர்தான் இருக்கிறோம்.

எட்டு போதும். சங்கம் பதிய 1926ஆம் ஆண்டுச் சட்டமும் ஏழு பேர் என்றது, 2020 தொகுப்பும் ஏழு பேர் என்கிறது. ஆனால் உடனே பதிவுக்கு ஓடாதீர்கள். தனியாகப் பதிந்தால் கணக்கு, ஆண்டறிக்கை என்று வேலை இருக்கிறது. ஏற்கெனவே இருக்கிற சங்கத்தின் கிளையாகத் தொடங்குவது சுலபம். அதற்கு முன்னால் எட்டுப் பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு வீட்டில் கூடுங்கள். யார் எந்த வீட்டில், எத்தனை மணி, என்ன சம்பளம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாரும் இ-ஷ்ரம் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் மாவட்டச் சங்க அலுவலகத்துக்குப் போங்கள்.